ஆளில்லாத துண்டுகள்

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஆபீஸ் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற ஆபீஸ். வெயில் காலத்தில் அந்த மாடி கொதிக்கும். மின்விசிறி சூட்டைத்தான் ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக் கொடுக்கும். ஏசி இருப்பது ஒரே அறையில். அதுவும் மனிதர்களுக்காக வைத்ததில்லை. சர்வர் என்று அவர்கள் சொல்கிற கருப்புப் பெட்டிக்காக வைத்தது. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில், சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பூங்குழலி உட்கார்ந்திருப்பாள்.

“குடுத்து வச்ச மவராசி” என்று கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொல்லுவார்கள். ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு ஆளாளுக்கு அந்த அறைக்குள் வருவார்கள். தயிர்சாத டப்பாவை அங்கேயே திறப்பார்கள். சாப்பிட்டு ஏப்பம் விட்டுவிட்டு, “அப்புறம், எடம் இன்னும் எவ்ளோ இருக்குது?” என்று பெட்டியைக் காட்டிக் கேட்பார்கள். அந்தக் கேள்வி காதில் விழுந்தாலே பூங்குழலிக்குத் தோள்பட்டையில் வலி பிடித்துக்கொள்ளும்.

சமையல்கட்டு தெரிந்தவர்களுக்கு அவள் வேலை எளிதாகப் புரிந்துவிடும். மிளகாய்த்தூளையும் பெருங்காயத்தையும் நாம் ஒவ்வொரு தடவையும் வீட்டிலேயே செய்கிறோமா? பொட்டலமாக வாங்கிப் போடுகிறோம். புரோகிராமும் அப்படித்தான். தேதியைக் கணக்குப் போட ஒரு பொட்டலம், படத்தைச் சின்னதாக்க ஒரு பொட்டலம் என்று உலகத்தில் யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பொட்டலங்களையும், இவர்கள் எழுதியதையும் சேர்த்துச் சமைத்துக் கொடுப்பதுதான் கருப்புப் பெட்டியின் வேலை. அதை பில்டு என்பார்கள். ஒவ்வொரு பில்டுக்கும் வெளியே ஓடிப் பொட்டலம் வாங்கினால் செஞ்சி லைனுக்கு மூச்சு முட்டிவிடும். கோட்டையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகள் கேபிளில் தொங்கி விளையாடுகிற நாளில் அந்த மூச்சும் இருக்காது. அதனால் ஒருமுறை வந்த பொட்டலத்தைப் பெட்டிக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொள்வார்கள். அதற்கு கேஷ் என்று பெயர். கிடங்கு என்று சொன்னால் நமக்கு வாயில் வரும். எல்லா டீமுக்கும் ஒரே கிடங்கு. அதைப் பார்த்துக்கொள்கிறவளும் ஒருத்திதான்.

கிடங்கு நிரம்பினால் பில்டு நிற்கும். பில்டு நின்றால் ஆபீசே ஒரே குரலில், “பூங்குழலீ!” என்று கத்தும்.

நிரம்பாமல் வைத்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் ஒரு தடங்கல் இருந்தது. அதுதான் துண்டு.

செஞ்சி பஸ் ஸ்டாண்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ் வந்து நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும், கைக்குட்டை பறக்கும், கட்டைப்பை பறக்கும். விழுந்த சீட்டு போட்டவருக்குச் சொந்தம். இந்த ஆபீசில் இருக்கிறவர்களும் அந்த பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள்தானே! என்றைக்கோ பூங்குழலி கிடங்கைச் சுத்தம் செய்யப் போனபோது, பனமலையிலிருந்து வருகிற அன்புக்கரசி, தன் டீமின் பொட்டலத்துக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதாத வெற்று ஃபைல் ஒன்றை வைத்து, அதற்குத் “துண்டு அன்பு” என்று பெயர் போட்டாள். “அக்கா, துண்டு போட்டுட்டன், கை வைக்காத” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் எல்லோரும் துண்டு போட்டார்கள். அப்புறம் அதுவே ஆபீசின் சட்டம் ஆகிவிட்டது. துண்டு இருந்தால் பூங்குழலி தொடக்கூடாது. போட்டவர்கள் ஒருவரும் எடுக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓசூருக்குப் போனவனுடைய துண்டு இருந்தது. கல்யாணமாகி வெளிநாடு போனவளுடைய துண்டு இருந்தது. ஆள் ஏறாத சீட்டெல்லாம் துண்டோடு கிடக்க, பஸ் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. இவளுக்கு கண்டக்டர் என்று பட்டப்பெயரும் வந்து சேர்ந்தது.

புரோகிராம் எழுதத்தான் அவள் இந்த ஆபீசுக்கு வந்தாள். அதுவரை பெட்டியைப் பார்த்துக்கொண்டவர் வேலையை விட்டு நின்றுவிட்டார் என்று, “ஒரு மாசம் மட்டும் பாத்துக்கம்மா” என்று மேனேஜர் சிவசங்கர் சொன்னார். அந்த ஒரு மாதம் இன்னும் முடியவில்லை. தம்பி கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் போன் வந்தது. மண்டபத்துக்குப் பின்னால், பாத்திரம் கழுவுகிற இடத்தில், பட்டுப்புடவையோடு குந்தி உட்கார்ந்து, லேப்டாப்பை ஒரு கவிழ்த்த அண்டாவின் மேல் வைத்துக் கிடங்கில் இடம் ஒழித்துக் கொடுத்தாள். கெட்டிமேளம் அடங்கிய பிறகுதான் தலை நிமிர்ந்தாள். இதையெல்லாம் அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொல்வதற்கும் தெம்பு வேண்டுமே.

ஒருநாள் என்ன தோன்றியதோ, நேராக சிவசங்கர் அறைக்குப் போய் நின்றாள்.

“சார், என்னை அன்பு டீம்ல போட்டுடுங்க. எனக்கு முடியல.”

“உன்னை விட்டா அந்தப் பொட்டிய யாரும்மா பாக்கறது?”

“தானா ஓடற மாதிரி பண்ணிக் குடுத்துடறன் சார்.”

சிவசங்கர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். அவருக்கும் ஆயிரம் தலைவலி. “சரி. அடுத்த திங்கக்கெழம வரிக்கும் பாக்கறன். இந்த ஒரு வாரம் எவனும் உன் பேரச் சொல்லி ஆபீஸ்ல கத்தாம இருந்தா, நீ அன்பு டீம்ல போயி உக்காந்துக்க. யாராவது கத்துனான்னு வச்சிக்க, அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.”

“சரி சார்” என்றாள். வெளியே வந்தபோது கால் தரையில் பட்டதே தெரியவில்லை.

அவள் கணவன் விமல்ராஜ் உண்மையிலேயே கண்டக்டர். செஞ்சியிலிருந்து சீயமங்கலம் போகிற மினி பஸ்ஸில். அன்று வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவனிடம் கேட்டாள்.

“ஏங்க, சீட்டுல துண்டு கெடக்குது, ஆளக் காணோம். நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“இது இன்னா கேள்வி? வண்டி ஸ்டாண்ட வுட்டு கெளம்புற வரிக்கும்தான் துண்டுக்கு மரியாத. கெளம்பிட்டா, துண்டத் தூக்கி மேல போட்டுட்டு, நின்னுக்கினு இருக்கறவன உக்காருடான்னுவன்.”

“அந்த ஆளு அப்புறமா வந்து சண்ட புடிச்சா?”

“வரமாட்டான். வர்றவனா இருந்தா அப்பவே வந்திருப்பான். நீ வெங்காயத்த கொஞ்சம் பொடிசா நறுக்கு.”

பூங்குழலிக்கு அது சரியாகப் பட்டது. எவ்வளவு நியாயமான பேச்சு! துண்டு இருக்கிறதா என்று பார்ப்பானேன்? ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தால் போதும். மூன்று மாதமாக யாரும் எடுக்காத பொட்டலம், துண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே போகட்டும். தப்பித்தவறி வேண்டிய பொட்டலம் ஒன்று போனாலும், கேட்கும்போது பெட்டி தானாக இணையத்திலிருந்து மறுபடி வாங்கிக்கொள்ளும். என்ன கெட்டுப்போய்விடும்?

மறுநாள் அதற்கு ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். எழுதும்போது விரல்கள் பழைய வேகத்தில் ஓடின. புதிதாக ஒரு மூலையில் நாலைந்து பொட்டலத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். ஒழுங்காக வேலை செய்தது. ஆபீஸ் மூடியதும் கிடங்கைக் கூட்டு என்று அதற்குச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்றைக்குத் தூக்கம் வந்தது பாருங்கள், கன்னத்தில் தலையணை மடிப்பு பதிகிற மாதிரி ஒரு தூக்கம்.

காலையில் படி ஏறும்போதே தங்கராசுவின் குரல் கேட்டது. தங்கராசு அந்த ஆபீசின் பெரிய டீமுக்குத் தலைவன். வாய் சும்மா இருக்காது.

“இன்னா கண்டக்டரம்மா, பஸ்ஸயே காலி பண்ணிட்ட? டிரைவரயாவது விட்டு வச்சியா, இல்ல அந்தாளையும் எறக்கி விட்டுட்டியா?”

அவள் ஓடிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கிடங்கில் பாதிக்கு மேல் வெறுமையாக இருந்தது. ஆபீஸ் முழுக்க ஒரே சமயத்தில் பொட்டலம் கேட்க, அந்தப் பாவப்பட்ட லைன் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருந்தது. கோயில் பிரசாதத்துக்கு நிற்கிற மாதிரி எல்லோருடைய பில்டும் வரிசையில் நின்றது. முந்தின நாள் எடுத்த பொட்டலம்கூடப் போயிருந்தது. எப்படிப் போகும்?

பொட்டலங்களின் தேதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு புரிந்தது.

இந்தப் பெட்டி அவள் கைக்கு வந்த புதிதில் அதன் டிஸ்க் மெதுவாக ஓடியது. பொட்டலத்தை எடுக்கிற ஒவ்வொரு தடவையும், இன்றைக்கு எடுத்தார்கள், இப்போது எடுத்தார்கள் என்று அது குறித்து வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குறிப்பு வேலையே அதற்குப் பெரிய சுமை. பூங்குழலிதான், குறிக்க வேண்டாம், விட்டுவிடு என்று சொல்லி வைத்தாள். பெட்டி வேகமாக ஓடியது, எல்லோரும் பாராட்டினார்கள், அவளும் மறந்துபோனாள். அதனால் ஒரு பொட்டலம் என்றைக்கு வந்தது என்று பெட்டிக்குத் தெரியும். கடைசியாக என்றைக்கு எடுத்தார்கள் என்று தெரியாது. வந்த தேதியையே அது எடுத்த தேதி என்று நினைத்துக்கொண்டது. அவளுடைய புரோகிராம் வெளியே எறிந்தது யாருக்கும் வேண்டாத பொட்டலங்களை அல்ல. ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்து, தினமும் எல்லோருக்கும் உழைத்துக்கொண்டிருந்தவற்றைத்தான் எறிந்தது. எந்த வீட்டிலும் பழசாக இருப்பது தினமும் கைபடுகிற பாத்திரம்தானே?

“மத்தியானத்துக்குள்ள எல்லாம் வந்துடும்” என்று ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். அவள் பேரைச் சொல்லி இன்னும் யாரும் கத்தவில்லை. தங்கராசு வம்பு பேசினானே தவிரக் கத்தவில்லை. டீக்கடைக்குப் போய்விட்டு வருகிறோம் என்று பாதிப் பேர் கீழே இறங்கிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் பொட்டலங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. பூங்குழலி மூச்சு விட்டாள். இதோடு தப்பித்தோம் என்று நினைத்தாள்.

“அக்கா! பூங்குழலிக்கா!”

ஆபீஸ் மொத்தமும் திரும்பிப் பார்க்கிற மாதிரி அன்புக்கரசியின் குரல் வந்தது. சிவசங்கர் அறைக் கதவும் ஒரு கை அளவு திறந்து மூடியது.

அன்புக்கரசியின் டீம் பால் சேகரிப்பு நிலையங்களில் வைக்கிற கைமிஷினுக்குப் புரோகிராம் எழுதுகிற டீம். பால் ஊற்றினால் அளவு காட்டி, ஒரு சீட்டு அடித்துக் கொடுக்கும் சின்ன மிஷின். சில நாட்களாக அதில் ஒரு கோளாறு. விடியற்காலையில் கூட்டம் சேர்ந்தால் மிஷின் உறைந்துபோய் நின்றுவிடும். பெண்கள் கேனோடு காத்துக் கிடப்பார்கள், வெயில் ஏற ஏறப் பால் திரிந்துவிடும். அன்புக்கரசி இருந்து இருந்து கோளாறைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டாள். இன்று மாலைக்குள் அனுப்பிவிட்டால் நாளைக் காலையில் மிஷின் ஓடும். அனுப்புவதற்குக் கடைசியாக ஒரு பில்டு போட வேண்டும், அவ்வளவுதான்.

“சீட்டு அடிக்கற பிரிண்டர் பொட்டலம் கெடைக்கலன்னு சொல்லுதுக்கா” என்றாள். “நானே வெளிய போயித் தேடிப் பாத்துட்டன். எழுதுன ஆளு இனிமே இது கெடைக்காதுன்னு ஒரு வரி எழுதி வச்சிட்டு, எடுத்துக்கினு போயிட்டாரு. எப்பவோ போயிட்டாரு போலருக்குது. நம்ப கிட்ட இருந்ததால நமக்குத் தெரியல.”

“உன் லேப்டாப்புல?”

“அது போன மாசம் புதுசு குடுத்தாங்க இல்ல? பழசத் தொடச்சி வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க.” அவள் குரல் இறங்கியது. “அக்கா, எங்க மாமியாரும் அங்கதான் பால் ஊத்துது. தெனைக்கும் காலையில, ‘உன் மிஷினு தூங்குதுடி, போயி எழுப்பு’ன்னு ஊருக்கே கேக்கற மாதிரி சொல்லுது. நாளைக்கி ஓடிடும் அத்தன்னு நேத்து வீறாப்பா சொல்லிட்டு வந்துட்டன். துண்டு போட்டுத்தானக்கா வச்சிருந்தன்?”

“போட்டிருந்த” என்றாள் பூங்குழலி. “நான்தான் பாக்க வேணாம்னு விட்டுட்டன்.”

அன்புக்கரசி திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் துப்பட்டாவின் நுனியைச் சுருட்டிக்கொண்டு போனாள். திங்கட்கிழமை அதே டீமில், அதே மேசையில், அவள் பக்கத்தில் போய் உட்காரப்போவதாகக் கனவு கண்டதை நினைத்தபோது பூங்குழலிக்கு முகம் எரிந்தது. அறைக்குள் வந்து ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அசதி மட்டும்தான் இருந்தது, ஈரத்துணி மாதிரி மேலே கிடந்தது.

கதவு மெல்லத் திறந்தது. “ஏசில கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்னு…” என்றபடி பீமாராவ் வந்தார்.

பீமாராவ் அந்த ஆபீசில் வயதில் மூத்தவர். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை பார்த்து, அதை மூடிய பிறகு ஊரோடு வந்துவிட்டவர். யாருக்கும் தீராத சிக்கல் என்றால் அவரிடம்தான் போவார்கள். அதிகம் பேசமாட்டார். அன்றைக்கு ஏசியில் உட்கார வந்தவர் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மூடினார்.

“கொழலி, ஒன்னு சொல்லணும். திட்டக்கூடாது.”

“திட்டறதுக்குத் தெம்பில்லண்ணா. சொல்லுங்க.”

“அந்த பிரிண்டர் பொட்டலம் எங்கிட்ட இருக்குது.”

அவள் தலையைத் தூக்கினாள். “எங்க? உங்க லேப்டாப்புலயா?”

“இல்ல.” அவர் பெட்டியைப் பார்த்தார். “இதுக்குள்ளயே. பழைய லாக்குன்னு ஒரு ஃபோல்டர் இருக்குது பாரு. அது லாக்கு இல்ல.”

பெட்டி தன் அன்றாட வேலையைப் பற்றித் தானே எழுதி வைக்கிற குப்பையைத்தான் லாக் என்பார்கள். எவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். பூங்குழலியும் பார்த்ததில்லை. இப்போது திறந்தாள். பீமாராவ் இந்த ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்து கிடங்குக்குள் வந்த ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு நகல் அங்கே இருந்தது. ஒன்றுவிடாமல் இருந்தது. கிடங்குக்கு வெளியே இருந்ததால் அவளுடைய புரோகிராம் அதைத் தொடவில்லை. டிஸ்கில் கிட்டத்தட்ட பாதியை அதுவே அடைத்துக்கொண்டிருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“அண்ணா, இத்தினி வருசமா எடமில்ல எடமில்லன்னு நான் செத்துக்கினு இருக்கறன்.”

“தெரியும்மா.”

“தெரிஞ்சுமா?”

“ஒவ்வொரு தடவையும் சொல்லிடலாம்னுதான் வருவன்.” அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். “வந்து தயிர்சோறு சாப்ட்டுட்டுப் போயிடுவன்.”

பூங்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகைக்காகக் காத்திருந்த இடத்தில் சிரிப்பு வந்து நின்றது. ஸ்வெட்டர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, சத்தமே இல்லாமல் சிரித்தாள். பீமாராவ் பயந்துபோனார். “தண்ணி கொண்டாரட்டா?” என்றார்.

“ஏண்ணா இப்படிப் பண்ணீங்க?”

“மெட்ராஸ்ல ஒரு தடவ இதே மாதிரி ஆயிடுச்சு. எங்கியோ ஒருத்தன் கோச்சிக்கினு தன்னோடத எடுத்துக்கினு போயிட்டான். காலையில வந்து பாக்கறோம், ஒன்னும் ஓடல. எங்க ஆபீஸ்ல அதோட நெறைய பேருக்கு வேல போச்சு. அன்னிலேர்ந்து எதையும் விட மனசு வரல. உங்கிட்ட கேட்டா எடமில்லன்னு சொல்லுவ. அதான் கேக்காமயே வச்சிக்கினன்.”

அவள் அந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக் கிடங்கில் வைத்தாள். அன்புக்கரசியைக் கூப்பிட்டாள். பில்டு போட்டார்கள். மூன்று பேரும் பெட்டியின் முன்னால் நின்றார்கள். வரிகள் திரையில் ஓடி ஓடி, கடைசியில் பச்சையாக ஒரு வரி வந்து நின்றது. அன்புக்கரசி “யப்பா!” என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். “எங்க மாமியாரு வாய்க்கு நாளைக்கி வேற வேல தேடிக் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டு அனுப்புவதற்கு ஓடினாள்.

அவள் போன கதவு வழியாகவே சிவசங்கர் வந்தார்.

“பூங்குழலி, கத்துனது என் காதுல விழுந்துச்சு. செவுத்துக்கு அந்தாண்ட இருக்கறவனுக்கும் விழுந்திருக்கும்.”

“ஆமா சார்.”

“அப்ப திங்கக்கெழம பேச்சு முடிஞ்சுது. சரி, அந்தப் பொட்டலம் வெளிய எங்கயும் கெடைக்கலன்னாங்களே, எங்கேர்ந்து வந்துச்சு?”

பூங்குழலிக்கு ஒரு கணம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஃபோல்டரைத் திறந்து காட்டிவிட்டால் போதும். இடம் நிரம்பியது இவரால்தான், நான் கூட்ட வேண்டியதே இல்லை, என் பேரைச் சொல்லிக் கத்தியது எல்லாமே இவருக்குச் சேர வேண்டியது என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. திங்கட்கிழமை திரும்பக் கைக்கு வந்துவிடும்.

“எங்கிட்ட இருந்துச்சு சார்” என்றார் பீமாராவ். “எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சி வச்சிருந்தன். பொட்டி ரொம்பறதுக்கு நான்தான் காரணம்.”

“பாதிக்குத்தான் சார் இவரு” என்றாள் பூங்குழலி. “மீதிப் பாதி துண்டுங்க. இன்னிக்கி நடந்தது முழுக்க என் தப்பு. எடுத்த தேதிய குறிக்காதன்னு நானே சொல்லி வச்சிட்டு, அந்தத் தேதிய நம்பிக் கூட்டிட்டன்.”

சிவசங்கர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். யாரைத் திட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “இப்ப இன்னா பண்ணலாம்ங்கற?”

“என்னை எடுத்துடுங்க சார்.”

“இன்னிக்கி இவ்ளோ நடந்துக்கூட அதத்தான் கேக்கறியா?”

“நடந்ததாலதான் கேக்கறன் சார்.” அவள் குரலை உயர்த்தவில்லை. அதற்குச் சக்தி இல்லை. “இந்த வேலையில யாரு உக்காந்தாலும் தெனம் எதையாவது தூக்கிப் போடணும். நான் வந்த புதுசுல ஒவ்வொன்னையும் நாலு பேரக் கேட்டுட்டுப் போடுவன். இப்ப எதை வேணும்னாலும் போட்டுடுவன் சார். எனக்கு எதுவும் வேணும்னு தோணல. எடம் வந்தாப் போதும்னு இருக்குது. அசந்து போனவ கையில இதக் குடுக்கக் கூடாது. அவரு கையில குடுங்க.”

பீமாராவ் கையிலிருந்த பேனா கீழே விழுந்தது.

“இவரு கையிலயா? இவரு ஒன்னத்தையும் போட மாட்டாரேம்மா!”

“போட மனசு வராத ஆளுதான் சார் பாத்துப் போடுவாரு.”

சிவசங்கர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குளிர்காற்றுக்கு நேராக முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவரும் போனில் கத்துகிறவர்தான். கண்ணைத் திறக்காமலேயே பேசினார். “அந்த ஒளிச்சி வச்சது அத்தனையும் ரெண்டு பேரும் உக்காந்து பிரிங்க. வெளிய கெடைக்கறத எல்லாம் போடணும். கெடைக்காதது மட்டும் இருக்கட்டும். இவரு கையால போட்டுக் காட்டட்டும். இவரால ஆவும்னு நீ வந்து எங்கிட்ட சொல்ற அன்னிக்கி நீ அன்பு டீம். ஆவலன்னா நீ இங்கியேதான்.”

“சார், என்னக் கேக்கவே இல்லியே” என்றார் பீமாராவ்.

“எங்களக் கேட்டுட்டா ஒளிச்சி வச்சீங்க?” என்றாள் பூங்குழலி.

மறுநாள் மத்தியானம் இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அன்று காலை பால் மிஷின் நிற்காமல் ஓடியதாக அன்புக்கரசி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பூங்குழலி ஒவ்வொரு பெயராக வாசித்தாள்.

“இது?”

“வேணும்.”

“வெளிய கெடைக்குதுண்ணா.”

“இன்னிக்கி கெடைக்குது.”

“இது?”

“அதுவும் இருக்கட்டுமே. சின்னதுதான்.”

“இது யாரு புரோகிராம்லயும் இல்ல. கொண்டாந்தவனே சேக்கல. தப்பா வந்தது.”

“தப்பா வந்ததா இருந்தாலும்…” என்று இழுத்தார்.

இப்படியே வெகுநேரம் போனது. ஒன்றுகூடக் குறையவில்லை. பூங்குழலிக்குக் கண் எரிந்தது. நாமே ஒரு தட்டு தட்டிவிட்டால் என்ன என்று விரல் அந்தப் பக்கம் போனது. தட்டியிருந்தால் ஒரே நொடி வேலை. ஆனால் அது அவள் தட்டியதாக ஆகிவிடும், அவள் இங்கேயே இருக்க வேண்டியதாகிவிடும். கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணா, ஒன்னே ஒன்னுக்காவது வேணாம்னு சொல்லுங்க. எனக்காக இல்ல. பில்டுக்கு எடமில்லாம நின்னுக்கினு இருக்கறவங்களுக்காக.”

பீமாராவ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். ஏதோ ஒன்றில் நின்றார். அது எங்கே கிடைக்கும் என்று வெளியே தேடினார். இரண்டு இடத்தில் கிடைத்தது. மூன்றாவதாக ஓர் இடத்திலும் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். யாருடைய புரோகிராமிலாவது அதன் பெயர் இருக்கிறதா என்று பார்த்தார். எதிலும் இல்லை. தங்கராசுவைப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். “அது எதுக்கு சார், தூக்கிப் போடுங்க” என்று தங்கராசு சொன்னதை அவளிடம் இரண்டு தரம் சொன்னார். ஒற்றைப் பொட்டலத்துக்கு இவ்வளவு பாடு. பூங்குழலி ஒரு வார்த்தையும் குறுக்கே பேசவில்லை. இவள் வந்த புதிதில் இப்படித்தான் கேட்டுக்கேட்டுச் செய்தாள்.

“இது வேணாம்” என்றார் கடைசியில்.

“நீங்களே போடுங்க.”

அவர் விரல் விசையின் மேல் வந்து நின்றது. நின்றுகொண்டே இருந்தது. ஊருக்குப் போகிறவர்களை ஏற்றிவிட வந்தவர், பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் கூடவே நடப்பாரே, அந்த மாதிரி முகம். பிறகு தட்டினார். திரையில் ஒரு பெயர் போனது. டிஸ்கில் ஒழிந்த இடம் ஓர் ஈ உட்காரக்கூடப் போதாது.

பீமாராவ் மூச்சை விட்டார். “ஒன்னும் ஆவலியே” என்றார்.

“ஒன்னும் ஆவாதுண்ணா.”

“அடுத்தது இன்னா?” என்று கேட்டுவிட்டு, அவள் வாசிக்கட்டும் என்று காத்திராமல், தானே குனிந்து படிக்க ஆரம்பித்தார்.

பூங்குழலி எழுந்தாள். மூடியிருந்த கதவைத் திறந்தாள். கூடத்து வெக்கை முகத்தில் மோதியது. ஸ்வெட்டரைக் கழற்றி மடித்து, பீமாராவ் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியில் வைத்தாள்.

“குளுரும், போட்டுக்கங்க” என்று சொல்லிவிட்டு, சிவசங்கர் அறையைப் பார்த்து மெதுவாக நடந்தாள்.